கை குட்டையான ஏழாவது ஸ்வெட்டர்

ஒமாரு,
குழாய்த் தண்ணீர் உறைந்த புதன்கிழமை.

பிறந்த நாள் முதலாக என்னை அதட்டி வளர்த்த அக்கா எல்ஸ்பெத்துக்கு, தம்பி லாக்லன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த எடுப்பில் பொய் வேண்டாமென்று விட்டுவிட்டேன். டிமருவில் உன் முழங்கால் வலியும் அத்தானின் குறட்டையும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இணையத்தில் ஒரு பின்னல் குழுவில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தாயே, அதிலிருந்து என் பெயரை எடுத்துவிடு. லாக்லனுக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது என்று சொல். கை முறிந்தது என்றாலும் எனக்குச் சம்மதம். இந்த வாரமே உன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன், எனக்கு ஒரு கட்டில் போட்டு வை. இந்த வீட்டில் இனிமேல் தனியாக இருக்க என்னால் ஆகாது.

"கல்யாணமும் பண்ணிக்கல, வேலையும் முடிஞ்சுது, இப்படியே சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கப் போறியா? நாலு பேரோட பழகுடா" என்று சொன்னவள் நீ. கம்பளிக் கிடங்கில் காலமெல்லாம் பொதி தைத்தவன், ஊசி பிடிப்பான் என்று குழுத் தலைவி நோலீனிடம் சிபாரிசு செய்ததும் நீதான். பின்னுகிறவர்களைப் பற்றி ஒன்று தெரிந்துகொள். பின்னச் சொன்னால் விடிய விடியப் பின்னுவார்கள், பின்னிய துண்டுகளை ஒன்றாக மூட்டச் சொன்னால் ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். ஆகவே அந்த வேலையைப் புதிதாக வந்த என் தலையில் கட்டினார்கள். கோர் என்ற ஊரிலிருந்து நோலீன் முன்பாகமும் பின்பாகமும் அனுப்புவாள், வைரோவாவிலிருந்து நைரி கைகளை அனுப்புவாள், நான் மூட்டுவேன். செவ்வாய் மதியம் மூவரும் கணினித் திரையில் ஆளுக்கொரு கட்டத்தில் உட்கார்ந்து வேலையும் பார்ப்போம், வம்பும் பேசுவோம். மறைப்பானேன், திங்கட்கிழமையே எனக்குச் செவ்வாய் எப்போது வரும் என்று இருக்கும்.

மலையடியில் உள்ள ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு ஆறு ஸ்வெட்டர் என்று பேச்சு. அங்கே படிப்பதே ஆறு பிள்ளைகள்தான். பாசிப்பச்சை நூல். எல்லாத் துண்டுகளும் வந்து சேர்ந்ததும் மேசையில் பரப்பிப் பார்த்தால் ஏழு ஸ்வெட்டருக்கு இருக்கிறது. திரையில் கேட்டேன்.

"ஆறுதான்ப்பா போட்டேன். நூல் மிஞ்சிப் போச்சு" என்றாள் நோலீன். "மிஞ்சின நூலைப் பாத்தா கை சும்மா இருக்குதா? இன்னொரு முன்னும் பின்னும் போட்டுட்டேன்."

"அட, நானும் அப்படித்தான். ஒரு ஜோடிக் கை கூடப் போட்டேன்" என்றாள் நைரி.

ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்ளவில்லை. இருந்தும் இருவரும் பின்னியது ஆறு வயதுப் பையனின் அளவு. கைகள் மட்டும் கொஞ்சம் குட்டை. நைரிக்கு அந்த வாரம் மருமகனோடு சண்டை. கோபத்தில் பின்னினால் அவள் பின்னல் இறுகிவிடும். வீணாக்குவானேன் என்று நான் ஏழையும் மூட்டி அனுப்பிவிட்டேன்.

பள்ளிக்கூடத்து டீச்சர் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டரைப் போட்டு, நன்றி சொல்லத் திரைக்கு முன்னால் நிறுத்தினாள். பின்னால், கொஞ்சம் தள்ளி, ஏழாவதாக ஒரு பையன் அதே பச்சை ஸ்வெட்டரில் நின்றான். ஏழு பேரா என்று கேட்டேன். டீச்சரோ, "ஏழா? பார்சல்ல ஆறுதாங்க இருந்துச்சு" என்று சொல்லி, எங்கள் கண்ணெதிரே தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணிக் காட்டினாள். அவனைத் தொடவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்தப் பெண்கள் செய்ததைக் கேள்.

"ஏண்டி நைரி, அந்தக் கடைசிப் பயலுக்குக் கை மணிக்கட்டுக்கு மேல நிக்குதே!"

"என் கையைக் குறை சொல்லாத. உன் முன்பாகம் மட்டும் என்னவாம்? சாக்கு மாதிரி தொங்குது."

"எங்க தொங்குது? தோளைப் பாரு, சிக்குனு உக்காந்திருக்கு!"

"அந்தப் பையன் யாரு?" என்று கேட்க எனக்கு மட்டும்தான் தோன்றியது.

"யாரா இருந்தா என்னப்பா, குளிருமில்ல?" என்றாள் நோலீன்.

அடுத்த செவ்வாய் எங்கள் திரையில் நாலாவதாக ஒரு கட்டம் திறந்தது. அதில் பெயரும் இல்லை, முகமும் இல்லை. இருட்டில் பச்சை ஸ்வெட்டரின் ஒரு கை, அதற்குக் கீழே குளிரில் நீலம் பாரித்த மணிக்கட்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்ததுபோல, "வா கண்ணு, சாப்பிட்டியா?" என்கிறாள் நைரி. நோலீன் அளவு நாடாவைத் திரையில் வைத்து, "நல்லா நீட்டு ராசா" என்றாள். அது நீட்டியது. இவள் அளவு சொல்ல, அவள் எழுதிக்கொண்டாள். நான் கணினியை அணைத்தேன். எங்கள் மூன்று கட்டங்களும் அணைந்தன, நாலாவது அணையவில்லை. குளியல் துண்டைப் போட்டு மூடினேன். துண்டுக்கு அடியில் யாரோ இருமினார்கள். சின்ன இருமல்தான்.

நேற்று புது அளவில் எல்லாத் துண்டுகளும் தபாலில் வந்துவிட்டன. கொட்டகையில் கரி வாளிக்குப் பின்னால் போட்டிருக்கிறேன். நான் மூட்டப்போவதில்லை. மூச்சு விடுகிற பிள்ளைகளிடமே எனக்குப் பேசத் தெரியாது. பயமாக இருக்கிறது அக்கா. கண்ணை மூடினால் அந்த மணிக்கட்டுதான் தெரிகிறது, அது இன்னும் பயமாக இருக்கிறது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டவள் நீ, நீதான் என்னைக் காப்பாற்ற வேண்டும்.

அத்தானுக்கு என் மரியாதை, பூனைக்கு என் முத்தம். உங்கள் வீட்டில் ஆட்டிறைச்சியும் விறகும் குறைவில்லாமல் இருக்கட்டும். சனிக்கிழமை பஸ்ஸுக்கு அத்தானை அனுப்பு.

உன் சொல் தட்டாத தம்பி,
லாக்லன்

பி.கு.: கண் புரை, கை முறிவு ஒன்றும் சொல்லிவிடாதே. உறையை ஒட்டப்போன நேரத்தில் நோலீன் ஃபோன் செய்து, கணினியை மூடிய துண்டை எடுத்துவிட்டுத் திரைக்கு வரச் சொல்லி ஒரே பிடிவாதம். "பார்சலை எந்த விலாசத்துக்கு அனுப்பணும் கண்ணு?" என்று அவனிடமே கேட்டாள். நாலாவது கட்டத்தில் காட்சி மெல்லத் திரும்பியது. ஆணியில் என் மழைக்கோட்டு தொங்கியது, கீழே என் ரப்பர் பூட்ஸ். என்னுடையவை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "ஏம்ப்பா லாக்லன், இது உன் வீட்டுப் பின்வாசல்தானே?" என்றாள் நைரி. "அப்ப நல்லதாப் போச்சு, நேர்லயே குடுத்துடு" என்றாள் நோலீன். இத்தனை நாளும் என் பின்வாசலில், அந்தக் குளிரில் நின்றிருக்கிறான் அக்கா. உட்கார்ந்து மூட்டிவிட்டேன். கை அவனுக்குச் சரியாக இருக்கிறது. ஆகவே நான் டிமருவுக்கு வரவில்லை, அத்தானை அலைக்கழிக்காதே. நீ இங்கே வருவதானால் சோபாவில்தான் படுக்க வேண்டும், நீ வழக்கமாகப் படுக்கும் அறையில் ஆள் இருக்கிறது. கதவை மெதுவாகத் தட்டு. தெரியாதவர்களைக் கண்டால் அவன் பயப்படுகிறான்.