அந்தரங்கப் பாதுகாப்புப் பதிவேடு

வல்லம் வடகாலில் அறுநூறு பெண்கள் தங்கியிருக்கும் தொழிற்சாலை விடுதி ஒன்றில் ஒரே ஒரு கணினி உண்டு. அதற்கு ஒழுக்கம் போதாது என்பது ஒரு செவ்வாய்க்கிழமை காலை தெரியவந்தது.

கண்டுபிடித்தவர் நல அலுவலர் சிவசங்கர். மகாபலிபுரம் பக்கம் ஒரு கடற்கரை ஓட்டலில் 'இணையமும் அறமும்' என்று இரண்டு நாள் பயிற்சிக்குப் போய், மூக்குத் தோல் உரிந்து, கழுத்தில் அட்டை தொங்கத் திரும்பியிருந்தார். நாம் எங்கே போகிறோம், எதைப் பார்க்கிறோம், எத்தனை நேரம் பார்க்கிறோம் என்பதையெல்லாம் இணையத்தைத் திறந்துகாட்டும் சில உலாவிகள் கமுக்கமாகக் குறித்துவைக்கின்றனவாம். மனிதருக்கு ஆறவேயில்லை. விடுதிப் பெண்களை வேவு பார்க்க வெளியாள் யார், அதற்கென்றே தாம் ஒருவர் இருக்கும்போது?

இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஒரு பொருள்மேல் சந்தேகம் வந்தால், அதில் சிவப்புச் சீட்டு மாட்டி ஓரமாக வைத்துவிடுவார்கள். தீர்ப்பு வரும்வரை யாரும் தொடக்கூடாது. கணினிக்கும் மாட்டினார்கள். பக்கத்தில் சுற்றறிக்கை: "தங்கியுள்ள மகளிரின் அந்தரங்கத்தைக் கருத்தில்கொண்டு, அறநெறிக்கு உகந்த உலாவி தேர்வு செய்யப்படும்வரை இக்கணினி நிறுத்திவைக்கப்படுகிறது."

ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கிவந்த முத்துச்செல்வி அதைப் படித்துவிட்டு அப்படியே நின்றாள். கழுகுமலைப் பக்கத்துப் பெண். ஞாயிறுதோறும் வகுப்பு நடக்கும் ஒரு டிப்ளமோவில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். போனில் திறந்தால் அந்தத் தளம் பாதியில் சுருண்டு படுத்துவிடுகிறது. பெரும்புதூருக்குப் போய் பிரவுசிங் சென்டரில் பார்க்கலாம் என்றால், வெளியே போக அனுமதி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

இதில் இன்னொரு சங்கடம். விஷயம் நிர்வாகத்துக்குத் தெரியக்கூடாது. படிக்கிறாள் என்று தெரிந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். படித்தவள் கேள்வி கேட்பாள் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது.

வார்டன் முனியம்மாளிடம் போனாள். "எக்கா, ஒரே ஒரு பொத்தானை அமுக்கணும். ரெண்டு நிமிசம்."

"சிவப்பு சீட்டு மாட்டிகீது, பாக்கல? நான் இன்னா பண்றது? உன் நல்லதுக்குதாம்மா பண்றாங்கோ. அது உன்னை பாத்துகினே கீதாம்."

"பாத்துட்டுப் போகட்டுமேக்கா. என்னையத்தானே பாக்கு."

"உனுக்கு வெக்கம் இல்லன்னா, ஆபீஸுக்கு இருக்கும்ல?"

உலாவித் தேர்வுக் குழு அமைந்தது. தலைவர் சிவசங்கர், உறுப்பினர்கள் வார்டன் முனியம்மாளும் பாதுகாப்பு அலுவலர் ஜீவானந்தமும். ஜீவானந்தத்தின் தகுதி, தொழிற்சாலை வாசலில் தினம் நாலாயிரம் போன் கேமராக்கள்மேல் ஸ்டிக்கர் ஒட்டுபவர் என்பது. பெண்கள் சார்பில் முத்துச்செல்வியைப் போட்டார்கள். கணினியைத் திறக்கச் சொல்லி இரண்டு நாளில் ஒன்பது மனு கொடுத்தவளுக்கு இதில் ஆர்வம் இருக்கத்தானே வேண்டும்.

தொழிற்சாலைக்குத் திருகாணி விற்க வருகிறவர்களிடம் கொடுக்கும் கேள்விப் படிவத்தையே உலாவி தயாரிப்பவர்களுக்கும் சிவசங்கர் அனுப்பியிருந்தார். முதல் கேள்வி மட்டும் புதிது: "தாங்கள் வேவு பார்ப்பீர்களா? ஆம் / இல்லை. முத்திரையுடன் கையொப்பமிடவும்." மற்றபடி தீயணைப்பான் எத்தனை, கழிவறை எத்தனை என்பவை பழையபடியே இருந்தன.

வியாழக்கிழமை குழு கூடியபோது ஒரு பதிலும் வந்திருக்கவில்லை.

"பார்த்தீங்களா, எவ்வளவு ரகசியம் காக்கிறாங்க," என்றார் சிவசங்கர் திருப்தியோடு. "எல்லாருமே தேர்ச்சி."

தேர்ச்சி பெற்றவை மூன்று. முதலாவது உலகமே பயன்படுத்துவது, ஆகவே சந்தேகத்துக்குரியது. இரண்டாவது கணினியோடு கூடவே வந்து, கேட்காமலே நடுக்கூடத்தில் உட்கார்ந்து, எதைத் தொட்டாலும் "என்னை மறந்துட்டீங்களே" என்று குறுக்கே வரும் ஓரகத்தி ரகம். மூன்றாவதை யாரும் கேள்விப்பட்டதில்லை.

முத்துச்செல்விக்குத் தெரியும். இரண்டு இரவாக அதைத்தான் போனில் படித்துக்கொண்டிருந்தாள். "சார், அந்த மூணாவது நல்லது. விளம்பரக்காரனுக்கு நம்மளக் காட்டிக்கொடுக்காது. நாம எங்க போனோம்னு, மூடினதும் அழிச்சிரும்."

சிவசங்கர் பேனாவைக் கீழே வைத்தார். "அழிச்சிருமா?"

"ஆமா சார். எழுதியே வைக்காது."

"அப்ப நீங்க எங்க போனீங்கன்னு எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

வேவு பார்க்கிற உலாவி அறத்துக்கு விரோதம். பார்க்காத உலாவி தணிக்கைக்கு விரோதம். இந்த இக்கட்டிலிருந்து மீட்டவர் ஜீவானந்தம்.

"அது எழுதலன்னா இன்னா சார்? நாம எழுதிக்கலாம். நோட்டு போட்டா போச்சு."

அவ்வாறே தீர்மானம் நிறைவேறியது. மூன்றாவது உலாவியே நிறுவப்படும். அது குறித்துவைக்கத் தவறும் விவரங்களை 'அந்தரங்கப் பாதுகாப்புப் பதிவேடு' என்ற நோட்டில் கையால் குறிக்க வேண்டும்: பெயர், தந்தை பெயர், அறை எண், போன தளம், போன காரணம். உலாவி வேவு பார்க்கிறதா என்று பார்க்க, உட்காருகிற பெண்ணின் முதுகுக்குப் பின்னால் ஜீவானந்தம் நிற்பார். வெளிப்படைத்தன்மை கருதி, பதிவேட்டின் நகல் தினமும் மெஸ் வாசலில் ஒட்டப்படும்.

"இதுக்கு அந்த மொத பிரவுசரே தேவலையே சார்," என்றாள் முத்துச்செல்வி.

"ஆட்சேபணை குறிப்பில் சேர்க்கப்பட்டது," என்றார் சிவசங்கர். சேர்த்தார்களா என்று அவள் எட்டிப் பார்த்தாள். முனியம்மாள் அந்த இடத்தில் டீக்கு எத்தனை பேர் என்று எழுதியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் திறப்பு விழா. சிவப்புச் சீட்டைக் கழற்றிப் பச்சைச் சீட்டு மாட்டினார்கள். சிவசங்கர் தனிமனித உரிமை பற்றி முப்பத்தைந்து நிமிடம் பேசினார். அந்தக் கணினிக்குக் கேமரா கிடையாது. இருந்திருந்தால் எங்கே இருக்குமோ அங்கே ஜீவானந்தம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்.

நாலு ஐம்பதுக்கு முத்துச்செல்வி உட்கார்ந்தாள். கழுத்தில் ஜீவானந்தத்தின் மூச்சு பட்டது. பக்கம் திறந்தது, முழுக்க இங்கிலீஷில். அவள் போட்டோ, பிறந்த தேதி, சாதி, அப்பா பெயர், அப்பா தொழில், ஆண்டு வருமானம்.

இங்கிலீஷ் ஜீவானந்தத்துக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். "இன்னாம்மா சைட்டு இது? போட்டோ கீது, சாதி கீது?"

நாலு ஐம்பத்துமூன்று. முத்துச்செல்வி திரையைப் பார்த்தாள். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

"மாப்பிள்ள பாக்குற சைட்டுண்ணே," என்றாள் தலையைக் குனிந்துகொண்டு.

அவர் குரலே இளகிவிட்டது. "அட, சொல்லக் கூடாதா? புள்ளாண்டான் இன்னா பண்றான்?"

"டிப்ளமோண்ணே."

"படிச்சவன். பச்சையா ஒண்ணு கீதே, அது?"

"சம்மதம்னு சொல்ற பொத்தான்."

"அமுக்கும்மா. நல்ல நேரம் போயிடப்போவுது."

அமுக்கினாள். இடம் உறுதியானது. போன காரணம் என்ற கட்டத்தில் ஜீவானந்தம் தம் கைப்பட எழுதினார்: 'மாப்பிள்ளை பார்க்க.' பக்கத்தில் தாமாகவே 'நல்ல இடம்' என்றும் சேர்த்தார்.

மறுநாள் காலை மெஸ் வாசலில் இட்லிக்கு நின்ற கூட்டத்தைவிட நகலுக்கு முன்னால் நின்ற கூட்டம் பெரிசு. அறைத்தோழி பேச்சி தட்டோடு வந்து இடித்தாள். "ஏட்டி, எங்கிட்டகூடச் சொல்லல? டிப்ளமோ மாப்பிள்ளயாமே."

"அடுத்தவ என்னத்தப் பாத்தான்னு படிக்க ஒங்களுக்கெல்லாம் கூச்சமே கிடையாதா?"

"ஒட்டுனவனுக்கு இல்லாத கூச்சம் எனக்கு எதுக்குட்டி?"

முத்துச்செல்வி அறையில் வந்து உண்மையைச் சொன்னாள். பேச்சியிடம் சொன்னது பத்து அறைக்குச் சொன்ன மாதிரி. ஒரு மாதத்தில் பதிவேடு சீராகிவிட்டது. வேறு வேலை தேடினவள், தொழிற்சங்கச் சட்டம் படித்தவள், சினிமா பார்த்தவள், ஊர்க்காரனோடு பேசினவள், எல்லாரும் மாப்பிள்ளைதான் பார்த்தார்கள். எதைத் திறந்தாலும் ஜீவானந்தம் "நல்ல இடம்" என்று எழுதிக்கொண்டிருந்தார்.

நோட்டு மேலிடத்துக்குப் போனது. மேலிடம் அதைக் கவனமாகக் கூட்டிப் பார்த்து ஓர் உத்தரவு போட்டது: "திருமணமாகிச் செல்லவிருக்கும் இருநூற்றுப் பதினொரு பேரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட மாட்டாது." அத்தனை பேரையும் அனுப்பினால் மூன்று லைன் நின்றுவிடும் என்று உற்பத்திப் பிரிவு கத்தவே, ஒரு திருத்தம் வந்தது: "திருமணம் நின்றுபோனவர்கள், காரணத்தைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டால் பணியில் தொடரலாம்."

நல அலுவலர் அறை வாசலில் வரிசை நின்றது. முதல் ஆள் முத்துச்செல்வி.

"உட்காரும்மா," என்றார் சிவசங்கர் துக்கம் விசாரிக்கிற குரலில். "நல்ல இடம்னு கேள்விப்பட்டேனே. என்ன ஆச்சு?"

"சரிப்பட்டு வரல சார்."

"காரணம் எழுதணுமேம்மா."

முத்துச்செல்வி ஜன்னல் பக்கம் பார்த்தாள். "நான் எங்க போறேன், எதப் பாக்கேன், எதுக்குப் பாக்கேன்னு தெனமும் ஒரு நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போடணும்னு சொல்லுதான் சார். எழுதினத வாசல்ல வேற ஒட்டுவானாம். நான் உக்காந்தா முதுகுக்குப் பின்னால ஒரு ஆள் நிப்பானாம். கேட்டா என் நல்லதுக்குத்தான்ங்கான்."

சிவசங்கரின் முகம் சிவந்துவிட்டது. "இந்தக் காலத்துலயும் இப்படி ஒருத்தனா? மனுசனாம்மா அவன்? நல்லவேளை தப்பிச்சே."

கொதித்துக்கொண்டே அதை ஒரு வரி விடாமல் பதிவேட்டில் எழுதினார். கையெழுத்து வாங்கினார். நகல் எடுத்து மெஸ் வாசலில் ஒட்டச் சொன்னார்.

மறுநாள் காலை இருநூற்றுப் பதினொரு கல்யாணம் நின்ற கதையும் சுவரில் இருந்தது. இட்லி ஆறிக்கொண்டிருந்தது. முத்துச்செல்வி நாலு பேரை முழங்கையால் தள்ளிக்கொண்டு முன்னால் போய், பேச்சிக்கு எதனால் நின்றது என்று தேடினாள்.