நீச்சல் டீச்சர் வேலைக்கு வந்த நீர்நாய்

ஒரு காட்டில் மரங்களைவிட பி.எட். முடித்த மிருகங்கள் அதிகம். எந்தப் புதரை விலக்கினாலும் உள்ளே யாராவது ஃபைலும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள்.

அவர்களில் ஒருத்தி நீர்நாய் மரகதவல்லி. தகுதித் தேர்வில் தேறி ஆறு வருடம் ஆகியும் வேலை வரவில்லை. "இந்த ஜூனுக்குள்ள கிடைக்கலைன்னா பேசாம நம்ம நண்டுக் கடையில வந்து உட்காரு" என்று மாமியார் கெடு வைத்துவிட்டாள். கடையில் உட்காரக்கூட அவளுக்கு வருத்தமில்லை. ஆனால் யாருக்காவது எதையாவது சொல்லித் தராமல் அவளால் இருக்க முடியாது. பாவம், அது ஒரு வியாதி.

அப்போதுதான் கரடியார் மெட்ரிக் பள்ளியில் நீச்சல் ஆசிரியர் வேலை ஒன்று காலியானது. "நூறு பேர் வருவாங்க. அதுல நீ தனியாத் தெரியணும்" என்றது மயில். பயோடேட்டாவை லேமினேட் செய்யச் சொன்னது காகம். மரகதவல்லி இரண்டையும் கேட்டுக்கொண்டாள். கூடவே ஒரு வாரம் ராப்பகலாக டெமோ வகுப்புக்கும் தயார் செய்தாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள்.

தண்ணீரைக் கண்டாலே அலறும் இருபது குரங்குக் குட்டிகளை அவளிடம் விட்டார்கள். பத்தே நிமிடம்! இருபதும் மல்லாந்து நீந்தின. ஒரு குட்டி மட்டும், "மிஸ், இன்னும் கொஞ்ச நேரம்" என்று கெஞ்சியது.

தாளாளர் கரடியாரின் முகம் சுருங்கிவிட்டது.

"ஏம்மா, பத்து நிமிஷத்துல புரிய வெச்சுட்டா மீதி முப்பத்தஞ்சு நிமிஷம் என்ன பண்றது? சாயங்காலம் டியூஷனுக்கு எவன் வருவான்?"

"திருத்திக்கறேன் சார். வேணும்னா புரியாத மாதிரியும் நடத்தறேன்."

"அதுக்கெல்லாம் அனுபவம் வேணும்மா."

அடுத்து ஒரு தவளை தத்தித் தத்தி வந்தது. பயோடேட்டா நனைந்து கிழிந்திருந்தது. டெமோ எடுக்கச் சொன்னால், தொண்டை கட்டியிருக்கிறது என்றது.

"சரி, எத்தனை அட்மிஷன் கொண்டு வருவீங்க?"

"முந்நூறு சார். எல்லாம் வீட்டுப் பிள்ளைங்கதான்."

கரடியார் எழுந்து தன் நாற்காலியையே தவளைக்குக் கொடுத்துவிட்டார். முந்நூறு தலைப்பிரட்டைகளுக்கும் பிறவியிலேயே நீச்சல் தெரியும். 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று அன்றைக்கே பள்ளி வாசலில் போர்டு எழுத ஆள் அனுப்பினார்கள்.

மரகதவல்லிக்கு அழுகை வந்தது. வராந்தாவிலேயே அழுதாள். வெளியே வந்த கரடியாரை மறித்து, "நான் என்ன சார் தப்புப் பண்ணேன்?" என்று கேட்டாள்.

"ஒரு தப்பும் இல்லை. ரொம்ப நல்லா நடத்தறீங்க. ஆனா வெறுங்கையோட வந்துட்டீங்களே! ஆர்டர் நாளைக்குத்தான் டைப் அடிக்கறோம். அதுக்குள்ள ஏதாவது முடியுமான்னு பாருங்க."

அவள் நேராக ஆற்றுக்குப் போனாள். கெண்டை மீன்களைக் கூப்பிட்டு மரியாதையாகவே பேசினாள். "பள்ளிக்கூடத்துல சேர்ந்தா மதியச் சாப்பாடு உண்டு. சேரலைன்னா மதியச் சாப்பாடே நீங்கதான்."

மறுநாள் காலை பள்ளிக் குளத்தில் எண்ணூறு கெண்டைகள் நின்றன.

"இவங்களுக்கு ஏற்கெனவே நீச்சல் தெரியுமேம்மா?"

"அதனாலதான் சார் ரிசல்ட்டைப் பத்திப் பயமே வேண்டாம்."

"ஒழுக்கம் எப்படி?"

மரகதவல்லி லேசாகத் தொண்டையைக் கனைத்தாள். எண்ணூறும் ஒரே வரிசையில் வந்து நின்றன. ஒன்றாவது வாலை ஆட்ட வேண்டுமே! கரடியாருக்குக் கண் கலங்கிவிட்டது. தவளைக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, ஆர்டரில் மரகதவல்லியின் பெயரை அடிக்கச் சொன்னார்.

அரையாண்டுத் தேர்வு சமயத்தில் கரடியார் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். அறுநூற்றுப் பத்துப் பேர்தான் இருந்தார்கள்.

"மீதிப் பேர் எங்கம்மா?"

மரகதவல்லி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "இடைநிற்றல் சார்."

கரடியார் கையெழுத்துப் போட்டார். சிறந்த ஆசிரியர் விருதுக்கு அவள் பெயரையே பரிந்துரை செய்தார். அந்த ஆறு மாதத்தில் அவள் ஒரு நாள்கூடப் பாடம் நடத்தவில்லை. வியாதி சுத்தமாகக் குணமாகியிருந்தது.

நீதி: ஆசிரியர் வேலை தேடுகிறவர்கள் மாணவர்களையும் கையோடு கொண்டு போக வேண்டும். பாடம் நடத்தத் தெரியும் என்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது.