அரசாங்கத் தாய்மாமன்

"தாய்மாமன் வெளிய போகணும்" என்றார் சுகாதார ஆய்வாளர் திருநாவுக்கரசு.

சிதம்பரம் தெற்கு வீதியில் எழிலனின் பச்சை குத்தும் கடை அப்படியே உறைந்தது. தட்டில் கம்மல் இருந்தது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை மாமன் மடியில் இருந்தது.

"என்னா சார் சொல்றீங்க? மாமன் மடியில உக்கார வைக்காம காது குத்துறதா?"

"ஊசி புழங்குற ரூம்ல வெளியாள் இருக்கக் கூடாது."

"நான் வெளியாளா? கம்மலே நான் வாங்கியாந்தது சார்!"

எழிலன் புதுச்சேரியில் தொழில் கற்று வந்தவன். ஊர்க்காரர்களின் தோள்களில் எல்லாம் டிராகன் வரையும் கனவோடு கடை திறந்தான். சிதம்பரத்துத் தோள்கள் இணங்கவில்லை. காதும் மூக்கும் குத்தித்தான் வயிறு நிறைந்தது. கூட்டித் துடைக்க, கருவிகளை வேக வைக்க, போன் எடுக்க இருசம்மாள் இருந்தார்.

இந்த மாதிரிக் கடைகளுக்குச் சட்டத்தில் தெளிவாக எதுவும் இல்லை என்பார்கள். சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தில் திருநாவுக்கரசு பேசுவார். ஆளுக்கொரு புது ஊசி, கையுறை, வேக வைத்த கருவி என்று அவர் பேசிய வரைக்கும் நியாயம். அவர் அதற்கு மேலும் பேசினார்.

பேச அவருக்கு வேறு இடமும் இல்லை. மாடி அறை, மெஸ் சாப்பாடு, கல்யாணமாகாத நாற்பத்தைந்து வயது. கடலூரில் ஒரே தங்கை சந்திரலேகா. அவள் கல்யாணப் பந்தியில் பாயசத்தைப் பரிசோதனைக்கு என்று பாட்டிலில் பிடித்து, பந்தியையே நிறுத்தி வைத்தார் அண்ணன். மாப்பிள்ளை வீட்டார் பசியோடு பஸ் ஏறினார்கள். "இனிமே அந்த ஆளு என் வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றார் மாப்பிள்ளை கலியமூர்த்தி. உறவு அன்றோடு சரி. அனுப்பிரியா என்று ஒரு மருமகள் பிறந்திருக்கிறாள் என்பதுகூட மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரியும். அவளுக்கு இன்னும் காது குத்தவில்லை. எவன் மடியில் உட்கார வைத்துக் குத்துவார்களோ என்ற நினைப்பு மட்டும் அவரை ராத்திரிகளில் அரித்தது.

அன்றைய மாமன் விடுவதாக இல்லை. திருநாவுக்கரசு இறங்கி வந்தார். அது பன்றிக் காய்ச்சல் வந்த வருஷம், முகமூடிக்குப் பஞ்சமில்லை. முகமூடி, கையுறை, தொப்பி மாட்டிக்கொண்டால் மாமன் இருக்கலாம் என்றார். மாட்டிக்கொண்டு வந்த மாமனைப் பார்த்துக் குழந்தை வீறிட்டுத் தலையைத் திருப்பியது. ஊசி மாமனின் கட்டை விரலில் இறங்கியது.

"பாத்தீங்களா? ரத்தம்!" என்றார் திருநாவுக்கரசு வெற்றியோடு. "இனிமே மஞ்சள்காமாலை தடுப்பூசி போட்டவங்கதான் மடியில வச்சுக்கணும்."

"அதெல்லாம் எந்த மாமன் சார் போட்டிருப்பான்?" எழிலன் தலையைச் சொறிந்தான். "இந்த ரூம்ல அந்த ஊசி போட்டவரு நீங்க ஒருத்தருதான்."

திருநாவுக்கரசு யோசித்தார். தம் விதியைத் தாமே மீற முடியாது. முகமூடி, கையுறை, தொப்பி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். குழந்தை உடனே அவர் பேண்ட்டை நனைத்தது.

விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். அடுத்த முகூர்த்தத்தில் வாசலில் கூட்டம். மாமன்கள் வெளியே நின்று கத்தினார்கள்; ஒருவர் வாழைத்தாரைத் தெருவில் போட்டு உடைத்தார். ஆனால் மாமனோடு பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்களெல்லாம் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தும் குறிஞ்சிப்பாடியிலிருந்தும் வந்து இறங்கின.

"எங்களுக்கும் அண்ணனக் கூப்புடணும்னுதான் ஆச" என்று கண்ணடித்தாள் ஒருத்தி. "கவர்மெண்ட்டு ரூலு, என்னா செய்யிறது!"

கூட்டத்தைக் குறைக்க, முகூர்த்த நாளில் தாம் நேரில் இருந்தால்தான் குத்தலாம் என்று இன்னொரு விதி போட்டார். இப்போது முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் அவர் வந்தே தீர வேண்டும். வந்தார். மடியில் உட்காரும் ஒவ்வொரு குழந்தைக்கும் கிருமிகளைப் பற்றிச் சிறு சொற்பொழிவு நடத்தினார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனதும் மடி சில்லென்று ஆகும். அறைக்குப் போய்க் காலண்டரில் அடுத்த முகூர்த்தத்தைத் தேடுவார்.

தை மாதத்து முகூர்த்தம் ஒன்றில் கலியமூர்த்தி உள்ளே வந்தார். பின்னால் சந்திரலேகா. இடுப்பில் மொட்டைத்தலை அனுப்பிரியா.

"கடலூர்லேருந்து வர்றோம் சார். எனக்கும் ஒரு மச்சான் இருக்கான், உங்க டிபார்ட்மெண்ட்டுதான். இப்ப எந்த ஊர்ல யாரு பந்தியக் கெடுக்குறானோ! அவன் மடியில வச்சா கம்மலுக்கே நோட்டீஸ் உடுவான். அதான் கவர்மெண்ட்டு மாமனே போதும்னு வந்துட்டோம்."

திருநாவுக்கரசு வாயைத் திறக்கவில்லை. திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். கிருமிகள் அன்று தப்பின. தலையை மட்டும் ஆட்டினார்.

சந்திரலேகா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் குழந்தையை அவர் மடியில் இறக்கினாள். மல்லாட்டைக் கடலை மூட்டை மாதிரி கனமாக, சூடாக இருந்தது. 'மச்சான், நான்தான்யா' என்று சொல்லிவிடலாமா? கை தன்னால் முகமூடிக்குப் போனது.

"கைய எறக்குங்க சார்!" இருசம்மாள் அதட்டினார். "மாஸ்க்கத் தொடக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

எழிலன் குத்தினான். குழந்தை வீறிட்டு அவர் விரலை இறுக்கிப் பிடித்தது.

"அழுவாதடி கண்ணு, மாமா பாரு, மாமா!" என்றார் கலியமூர்த்தி, யாரைச் சொல்கிறோம் என்று தெரியாமலே.

திருநாவுக்கரசின் கண்ணாடி நனைந்தது. கை மறுபடி மேலே போனது. இந்தத் தடவை இருசம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்து கையைப் பிடித்தே இறக்கினார்.

கலியமூர்த்தி வெற்றிலை பாக்குத் தட்டைக் கொடுத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். மூவரும் போய்விட்டார்கள். திருநாவுக்கரசு முகமூடியைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அது என் தங்கச்சி, இருசம்மா" என்றார் கடைசியில். "கூடப் பொறந்தவன்னு ஒரு பார்வ பாக்கல."

இருசம்மாள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். "நேத்து அந்தம்மாதான் சார் போன் பண்ணுனாங்க, 'உக்கார்றது எங்கண்ணன்தான? எங்க ஊட்டுக்காரரு இருக்கறப்ப மாஸ்க்கக் கழட்டிடப் போறாரு, பாத்துக்கம்மா'ன்னு தலபாடா அடிச்சிகிட்டாங்க."