பதினொரு சைக்கிள் போல்ஸ்

நெல்லியடி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மச்சான் குகதாசனுக்கு,

சந்நிதி முருகன் புண்ணியத்தில் இங்கு எல்லாரும் சுகம்; என் வலது தோள் மட்டும் சுகமில்லை. ஆகையால் நான் சொல்லச் சொல்ல என் மகள், உமது மருமகள் கீர்த்திகா எழுதுகிறாள். எழுத்து அவளுடையது, அறிவு என்னுடையது. ஃபோனில் சொன்னால் நீர் இடையில் குறுக்கிடுவீர், அதனால்தான் கடிதம்.

உமது உபயமான கோயில் கதவு கொடியேற்றத்துக்கு முன் வருமா என்று மூன்று தரம் கேட்டுவிட்டீர். வரும். இன்னும் ஒன்பது நாள் கிடக்கிறது. இடப்பக்கக் கதவு முடிந்தது. வலப்பக்கத்தில் மயிலின் தோகை மட்டும் பாக்கி. தாமதத்துக்கு நான் காரணமில்லை. கொம்பியூட்டர் சொன்னபடி மரம் செதுக்கும் என் மெசினில் உளியை ஏற்றி இறக்க ஒரு திருகுதண்டு உண்டு. அதன் நட்டுக்குள் போல்ஸ், அதாவது மிளகளவு உருக்குக் குண்டுகள், உருண்டோடும். பாரம் முழுதும் அவற்றின் மேல்தான். தண்டு கொஞ்சம் இறுகியதால் கிறீஸ் பூசலாமென்று நட்டைத் திருப்பினேன், அது முனையைத் தாண்டிக் கழன்றுவிட்டது, தொண்ணூறு போல்ஸும் கல்யாண வீட்டுப் பிள்ளைகள் மாதிரிப் பட்டறையெங்கும் சிதறி ஓடின, நானும் உமது அக்காவும் முழங்காலில் தவழ்ந்து பொறுக்கி எழுபத்தொன்பதை மீட்டோம், மிச்சத்தைக் கோழி தின்றிருக்கலாம். சந்தையடிச் சைக்கிள் கடையில் அதே அளவில் பதினொன்று வாங்கிப் போட்டுப் பூட்டினேன். மெசின் ஓடியது. கொஞ்சம் முனகிக்கொண்டு ஓடியது, அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து இவள் பல்கலைக்கழகத்திலிருந்து லீவில் வந்தாள். கடைசி வருடத்து ஆராய்ச்சியே, இப்படியான திருகுதண்டில் எந்த போல்ஸ் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்பதுதானாம். லப்டொப்பில் படம் கீறிக் காட்டினாள். பதினொன்று செத்தல் மிளகாய் போலச் சிவப்பு; மற்றதெல்லாம் நீலம்.

“அப்பா, உந்தப் பதினொண்டும் நூலளவு பெரிசு. முழுப் பாரத்தையும் உதுகள்தான் தாங்குது, மற்றதுகள் சும்மா உருளுது. தண்டு பழுதாகிறதுக்கிடையிலை எல்லாத்தையும் மாத்துங்கோ.”

“தொண்ணூறு பேர் சேர்ந்தால் ஆளுக்குத் தொண்ணூறிலை ஒரு பங்கு. உது ஆறாம் வகுப்புக் கணக்கு.”

“எல்லாரும் ஒரே உயரமெண்டால்தான் அப்பா அந்தக் கணக்கு சரிவரும்.”

கொம்பியூட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது, ஆனால் பழக்கலாம் என்றேன். (இந்த இடத்தில் எழுதுகிறவள் சிரிக்கிறாள். அதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.)

சும்மா வாயால் கதைக்கிறவன் நானல்ல. போன வாரம் கார்த்திகை உற்சவத்தில் பரிசோதனையே செய்து பார்த்துவிட்டேன். சாமி தூக்க ஆட்களை உயரம் பார்த்து நிறுத்துகிற ஏரம்பு அண்ணை, “தம்பி, நீ ஆறடி. பின்னுக்குப் போய் உன்ரை உயரக்காரரோடை நில்” என்றார். நான் அசையவில்லை. முன்தண்டில் அண்ணை உட்படக் குள்ளர் ஐந்து பேருடன் நின்று வீதி முழுக்கச் சுற்றிவந்தேன். இறக்கியதும் கேட்டேன், பாரம் எப்படியென்று. “ஒரு பாரமும் தெரியேல்லைத் தம்பி, பஞ்சு மாதிரி இருந்தது” என்றார் அண்ணை. மற்ற நால்வரும் அதையே சொன்னார்கள். ஆறு பேரில் ஐந்து பேர் சாட்சி. இதற்கு மேல் என்ன வேண்டும்? என் தோள் வீங்கியது வாயுவினால்.

ஆகவே நீர் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை இவள் ஆராய்ச்சியைக் கொடுக்கவேண்டும். அதற்குள் பிழையைத் திருத்தச் சொல்லி நீரும் ஒரு சொல் சொல்லும், உமது பேச்சைக் கேட்பாள். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். அக்கா ஒடியல் மா அனுப்புகிறா.

இப்படிக்கு, நம்பிக்கை தளராத,
சி. நமசிவாயம்

பி.கு: கீர்த்திகா கடித உறை வாங்கப் போய்விட்டாள், இதை இடது கையால் கிறுக்குகிறேன். மத்தியானம் நான் மருந்து குடித்துப் படுத்திருக்க, அவள் கொழும்பிலிருந்து எடுப்பித்த புது போல்ஸ் தொண்ணூற்றையும் போட்டுப் பூட்டிவிட்டாள். என்னிடம் மூச்சுவிடவில்லை. இப்போதுதான் பட்டறைக்குள் போனேன், மெசின் முனகாமல் ஓடுகிறதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. கழற்றியவற்றை மேசை லாச்சியில் கண்டேன். பதினொன்று தோல் உரிந்து கிடக்கின்றன, மற்றவை மினுங்குகின்றன. தோகையும் பாதி வந்துவிட்டது. பிள்ளை சொன்னது முழுதும் சரி, மச்சான். எனக்குப் பெருமைதான். இவ்வளவையும் செய்துவிட்டு வந்திருந்து, நான் சொன்ன ஒவ்வொரு வரியையும் ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதித் தந்திருக்கிறாள், பாரும். தயவுசெய்து நீரே ஃபோன் எடுத்து, அப்பா தோற்றுப்போனார் என்று அவளிடம் சொல்லிவிடும். எனக்கு வாய் வராது.