ரேஷ்மியின் அடுக்களைக்கு உருளை ஓட்டிய விவரம்

தக்கலைப் பக்கம்,
ஆனி மாதம், மழை சற்று விட்ட ஒரு மத்தியானம்.

அன்பும் பொறுமையும் நிறைந்த மருமகப்பிள்ளை அனீஷ் அவர்களுக்கு, மாமனார் சுயம்புராஜ் மஸ்கட் இருக்கும் திசையைப் பார்த்து உட்கார்ந்து எழுதுவது. இங்கு நானும் உங்கள் மாமி பகவதியம்மாளும் முற்றத்துப் பலாமரமும் சுகம். அங்கு நீங்களும் என் மகள் ரேஷ்மியும் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் நான் விஷயத்துக்கு வருமுன்னே "மாமா, சிக்னல் போவுது" என்கிறீர்கள். கடிதத்துக்கு சிக்னல் வேண்டாம். லீவு முடிந்து சனிக்கிழமை விமானம் ஏறும் உங்கள் சிநேகிதன் ஜெனோவிடம் இதைப் பலாச்சக்கை வற்றலோடு கொடுத்துவிடுகிறேன். வற்றலைத் தின்றுகொண்டே படியுங்கள், கோபம் வராது.

விஷயம், நம் வீட்டுக்குக் கிழக்கே குளத்தை ஒட்டி வீடு கட்ட நீங்கள் வாங்கிப் போட்ட இடம். தாழ்ந்து கிடந்த வாழைத்தோட்டத்தில் செம்மண் அடித்து மேடாக்கியாயிற்று. "புதுமண்ணு நல்லா இறுகணும் மாமா. ஆவணியில கல்லுபோட முடியாதுண்ணா நான் திருவனந்தபுரத்துல ஒரு பிளாட் பாத்துருவேன்" என்று போன மாதம் சொன்னீர்கள். சொல்லிவிட்டு நீங்கள் தூங்கப் போயிருப்பீர்கள், எனக்குத் தூக்கம் போயிற்று. பிளாட் என்றால் பெற்ற மகளைப் பார்க்க வாட்ச்மேனிடம் பேர் சொல்லி, லிப்டில் ஏறி, பெல் அடித்துக் காத்து நிற்க வேண்டும். இங்கே என்றால் மதிலுக்கு மேலே தலையை நீட்டி "ஏட்டி, சாயா போட்டியா?" என்றால் போதும். ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு என் பிள்ளை பக்கத்தில் வேண்டும்.

மார்த்தாண்டத்துக் கான்ட்ராக்டரின் ரோலர் அடுத்த மாதம்தான் கிட்டும் என்றார்கள். களியக்காவிளை ரூட்டில் ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவன் மண்ணை இறுக்க இன்னொருத்தன் வாசலில் போய் நிற்பதா என்று எனக்கு வீம்பு வந்தது. அப்போதுதான் சித்தப்பா மகனின் ரப்பர் தோட்டத்து மூலையில் நல்லமிளகுக் கொடி படர்ந்து கிடந்த பழைய இழுவை உருளை ஞாபகம் வந்தது. டிராக்டருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுக்கிற பெரிய இரும்பு உருளை, உள்ளே தண்ணீர் நிரப்பினால் நல்ல பாரம். கொண்டுவந்து இழுத்துப் பார்த்தோம். குளம் வரை சமர்த்தாக வந்தது. அங்கே திரும்ப இடமில்லை. பின்னால் எடுத்தால் உருளை குறுக்கே மடங்கிக்கொண்டு நிற்கிறது, தொழுவத்துக்கு வர மாட்டேன் என்கிற எருமை மாதிரி. இதைப் பார்த்துக்கொண்டு பக்கத்துவீட்டு ஜேசிபிக்காரன் சிவபிரசாத் நின்றான். அவன் வண்டியின் முன்னால் இருந்த மண் அள்ளும் பக்கெட்டை நான் பார்த்தேன். அந்தப் பக்கெட்டைக் கழற்றி அதே கைகளில் உருளையை மாட்டிவிட்டால், முன்னால் போகும்போது தள்ளும், பின்னால் வரும்போது இழுக்கும், திரும்பவே வேண்டாம். சொன்னதும் சிவபிரசாத், "அண்ணாச்சி, இது மண்டையா கம்பியூட்டரா?" என்றான். அவன் கேலி செய்தானோ என்று உங்கள் மாமிக்கு இன்றும் சந்தேகம்.

லாரியில் ஏற்றப் பாரம் குறையட்டும் என்று உருளைக்குள் இருந்த தண்ணீரைத் திறந்துவிட்டு, ஷாஹுலின் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனோம். ஷாஹுல் இழுவைக் கம்பியை அறுத்துத் தள்ளிவிட்டு, லோடர் கைகளுக்குப் பொருந்த இரண்டு தடித்த பிளேட்டை வைத்துப் பற்றவைத்தான். முதல் நாள் உருளை ஒருபக்கமாகச் சாய்ந்து, வண்டி எந்நேரமும் நம் கோழிக்கூட்டைப் பார்த்தே போனது. அறுத்து மறுபடி பற்றவைத்தோம். மறுநாள் மண் நன்றாக அமுங்கட்டும் என்று நான் லோடர் கையைக் கீழே அழுத்தச் சொல்ல, சிவபிரசாத் அழுத்த, வண்டியின் முன்சக்கரம் இரண்டும் தரையைவிட்டு எழும்பிவிட்டன. "ஸ்டீரிங்கத் திருப்புகேன் அண்ணாச்சி, வண்டி கேக்கல்ல" என்கிறான். அந்தரத்தில் நிற்கிற சக்கரத்தைத் திருப்பினால் வண்டி எப்படிக் கேட்கும்? "பிரேக்கச் சவிட்டுலே" என்று நான் கத்தி முடிப்பதற்குள் மாமி நட்ட மரச்சீனிக் கிழங்குச்செடி ஒரு வரிசை முழுக்கப் படுத்துவிட்டது. அன்றைக்குக் குழம்பில் உப்பில்லை.

அதற்குப் பிறகு கையை அழுத்தாமல் சும்மா தளரவிட்டோம், உருளை தன்பாட்டில் தரையோடு உருண்டது. அந்தச் சாயங்காலங்களை உங்களுக்கு எப்படிச் சொல்ல? வேளிமலையிலிருந்து மேகம் இறங்கி ரப்பர் இலைகளுக்குள் புகுந்துகொள்ளும். சாரல் விழுதா இல்லையா என்று தெரியாது. கழற்றிப் போட்ட பக்கெட்டுக்குள் சாக்கை விரித்து நான் சாய்ந்துகொள்வேன், சாய்வுநாற்காலி தோற்றது. உருளை போகும், வரும், போகும். அந்த முனகலில் கண் சொக்கும். சொக்கினால் வீடு தெரியும் மருமகப்பிள்ளை. வராந்தா தெரியும், படியில் பேரன் தவழ்வது தெரியும், குளத்தைப் பார்த்த அடுக்களை ஜன்னலில் ரேஷ்மி ஈரத்தலையோடு நின்று மீன் கழுவுவது தெரியும், புளிமுளம் மீன்குழம்பு கொதிக்கிற வாசனைகூட வரும். கண்ணைத் திறந்தால் சிவப்பு மண். மூடினால் மறுபடி வீடு. நான் அதிகமும் மூடியே வைத்திருந்தேன்.

மண் இறுகியதா என்று பார்க்க வேண்டுமே. ஆழம் தெரியாமல் காலை விடுகிறவன் இல்லை நான். நம்மூர் பரீட்சை ஒன்று வைத்தேன். மரத்திலிருந்து சக்கை விழுந்தால், தரை இளக்கமானால் குழி விழும், தரை கட்டியானால் சக்கை பிளக்கும். முற்றத்து மரத்தில் ஒரு முழுத்த பழுத்த சக்கையைப் பறித்து, ஜேசிபிக் கூரைமேல் ஏறி நின்று சிவபிரசாத் கீழே போட்டான். படீரென்று நாலு துண்டு. சுளை தெறித்து ஷாஹுலின் சட்டையெல்லாம் பழம். "தரை பாஸ் அண்ணாச்சி" என்றான் சிவபிரசாத். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று பேரும் பரீட்சைத்தாளை அங்கேயே உட்கார்ந்து தின்று தீர்த்தோம்.

அதன்பிறகு நடந்ததுதான் அதிசயம். உருளையைக் கழற்ற அதை மாட்டியிருந்த இரும்பு ஊசியை உருவினோம், அது சரிவில் உருண்டு பைய பைய குளத்துக்குள் இறங்கிவிட்டது. முங்கிப் போச்சு என்று தலையில் கைவைத்தேன். பார்த்தால் தாமரை இலைகளுக்கு நடுவே இரும்பு உருளை மிதக்கிறது. ஒரு நீர்க்காக்கை வந்து அதன்மேல் உட்கார்ந்து சிறகை விரித்துக் காயவைக்கிறது. இரும்பே மிதக்கிற இடம் என்றால் அந்த மனைக்கு எவ்வளவு ராசி இருக்க வேண்டும்.

ஆகவே ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல் போடலாம். பிளாட் பேச்சை விட்டுவிடுங்கள். கான்ட்ராக்டரிடம், உங்கள் ரோலர் எங்களுக்கு வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். ரேஷ்மிக்கு என் முத்தம், பேரனுக்கு இரண்டு. குளிர்மிஷினை ரொம்பக் கூட்டி வைக்க வேண்டாம். தெய்வம் உங்கள் மூவரையும் பத்திரமாகக் கொண்டுவந்து எங்கள் மதிலுக்கு அந்தப்புறம் சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
சுயம்புராஜ்

பின்குறிப்பு: பொதி கட்டுமுன் மாமி இதை வாங்கி முழுக்கப் படித்தாள். படித்துவிட்டு, "இஞ்ச பாருங்க, பட்டறைக்குக் கொண்டுபோவ உருளைக்குள்ள இருந்து ஊத்திக் களஞ்ச வெள்ளத்தத் திருப்பி நெறச்சியளா?" என்றாள். நான் யோசித்தேன். "நெறச்சா அது எப்பிடி மெதக்கும்? காலி உருளைய உருட்டியா மண்ண இறுக்குனிய?" என்றாள். சக்கை பிளந்ததே என்றேன். "முற்றத்து மரம் கொழகொழண்ணு பழுக்குற கூழனில்லா? பழுத்த கூழன் பஞ்சு மெத்தையில போட்டாலும் பிளக்கும். பரீட்சைக்குக் கட்டியான வருக்கச்சக்கயில்லா போடணும்" என்றாள்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். கான்ட்ராக்டரை உடனே கூப்பிட்டு, தயவாகப் பேசி, ரோலருக்குச் சொல்லிவிடுங்கள். கல் போடுவது ஐப்பசிக்குத் தள்ளிப்போனாலும் போகட்டும், பிளாட்டுக்கு மட்டும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். சந்தேகம் தீர இப்போதுதான் போய் ரேஷ்மியின் அடுக்களை வருகிற இடத்தில் நின்று பார்த்தேன். கணுக்கால் வரை கால் புதைந்துவிட்டது. மாமி வந்து கையைக் கொடுத்தாள். கொஞ்சநேரம் பொறு, குளம் இங்கிருந்து நல்லாத் தெரியுது என்று சொல்லி அப்படியே நின்றேன்.