செவ்வாய்க்குப் போன ஏரித் தண்ணீர்

சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒரு பித்து இருந்தே ஆக வேண்டும். எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்காதீர்கள். எழுதி வைத்த விதிகளை எவன் அனுசரிக்கிறான்? எழுதாத இந்த ஒரு விதியைத்தான் அவர்கள் ஒழுங்காக அனுசரித்து வந்தார்கள்.

ஆவடி, சேக்காட்டுப் பக்கத்து ஜனங்கள் வெள்ளைக்காரன் காலத்தில் இதையெல்லாம் வேண்டிய மட்டும் பார்த்துவிட்டார்கள். முதலில் ஒரு தாசில்தாருக்குச் சீமைக் கோழிப் பித்து. மனுக் கொடுக்கப் போனவன் கோழியை நாலு வார்த்தை புகழாமல் திரும்ப முடியாது. அடுத்தவருக்கு மேஜையைத் தட்டி ஆவியைக் கூப்பிடுகிற பித்து. செத்துப்போன பாட்டனைக் கூப்பிட்டு விசாரித்துத்தான் பேரனுக்குப் பட்டா மாற்றிக் கொடுப்பார். பாட்டன் வராவிட்டால் வழக்கு தள்ளுபடி. மூன்றாவதாக வந்து சேர்ந்த தாசில்தார் பரந்தாமனுக்குப் பிடித்தது செவ்வாய்க் கிரகம்.

மூர் மார்க்கெட்டில் நிறுத்து விற்கிற பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளை மனுஷர் மூட்டையாக வாங்கி வந்தார். எல்லாம் கதை. மனிதர்கள் செவ்வாயில் போய் இறங்கி, கண்ணாடிக் கூண்டு கட்டி, உள்ளே காற்றை அடைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துகிற கதை. அங்கே பெரிய மண்டையுள்ள பூர்வீகக் குடிகள் உண்டாம். அவர்கள் வெட்டிய வாய்க்கால்கள் எத்தனை தூரம் ஓடினாலும் நூல் பிடித்தாற்போல் நேராகவே ஓடுமாம். படித்தவர்களுக்குள் அப்போது இதுதான் மோஸ்தர். பூந்தமல்லி வக்கீல்கள்கூட வாய்தா வாங்கிக்கொண்டு வந்து மரத்தடியில் நின்று செவ்வாயைப் பேசினார்கள். உள்ளூர் மண்ணில் புல் முளைக்கவில்லை, அதைப் பற்றி ஒருத்தன் மூச்சு விடவில்லை.

பரந்தாமன் படித்ததோடு நின்றிருந்தால் நமக்கென்ன? 'செவ்வாய்க் குடியேற்ற விஜயம்' என்று ஒரு நாடகமே எழுதிவிட்டார். கலெக்டர் துரை வருஷா வருஷம் வந்து கிராமக் கணக்கைத் தணிக்கை செய்கிற ஜமாபந்தி அந்த ஆனி மாசம் சேக்காட்டில் நடப்பதாக இருந்தது. துரை எதிரே நாடகத்தைப் போட்டு, துரை மெச்சிக்கொண்டால், டிப்டி கலெக்டர் உத்தியோகம் தானாக வந்து மடியில் விழும் என்பது அவர் போட்ட கணக்கு.

அந்தக் கணக்கில் அகப்பட்டவன் துலுக்கானம். சேக்காட்டு ஏரிக்குக் கீழே அவனுக்குக் கொஞ்சம் நிலம். கோடைப் போகமான சொர்ணவாரி நெல் போட்டிருந்தான். பயிர் கதிர் வாங்கி நிற்கிறது. ஏரியில் அடிவண்டலுக்கு மேலே மிச்சம் கிடந்தது இரண்டு தடவை பாய்ச்சத்தான் காணும். பாய்ந்தால் நெல். பாயாவிட்டால் மணியில் பால் ஏறாமல் சாவியாகிவிடும். சாவியை மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். வருஷம் பூராவும் அவனும் பெண்டாட்டி கன்னியம்மாளும் குடிக்கிற கஞ்சி அந்த இரண்டு தண்ணியில்தான் இருந்தது.

நாடக ஏற்பாட்டுக்காக ஊர்ச் சாவடியில் கூட்டம் கூட்டினார் தாசில்தார். திரைச்சீலை எழுத மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் பிரகாசத்தை வரவழைத்திருந்தார்.

"கண்ணாடிக் கூண்டுக்குள்ளே முதலில் தாலுகா கச்சேரி" என்றார் தாசில்தார். "அப்புறம் துரைமார் தங்குகிற பங்களா. அப்புறம் கஜானா. அதை ஒட்டினாற்போல் லாக்கப்."

"குடிகளுக்கு வீடு எந்தப் பக்கம் எழுதட்டும் சார்?" என்று கேட்டார் வாத்தியார்.

"குடிகள் மெள்ள வரட்டுமே. அவர்கள் வருவதற்குள் வசூலுக்கு ஏற்பாடு தயாராக இருக்க வேண்டாமா? நிலத்துக்குத் தீர்வை. அது பழைய வழக்கம். ஆனால் காற்று நாம் அடைத்துக் கொடுப்பது. ஆகையால் மூச்சு வரி."

"கட்டாங்காட்டி?" என்று கேட்டுவிட்டான் துலுக்கானம்.

"ஜப்தி."

"எத்த எஜமான் ஜப்தி பண்ணுவீங்கோ?"

"மூச்சைத்தான்" என்றார் தாசில்தார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

கர்ணம் ஜெயராமன் மெதுவாக முன்னே வந்தார். "அங்கே கர்ணம் வேலைக்கு ஆள் நியமிச்சாச்சுங்களா? என் மச்சினன் பையன் வீட்டிலே சும்மாத்தான் இருக்கான்."

"மனுப் போடச் சொல்லும். பரிசீலிப்போம்."

ஊருக்கும் பித்து ஒட்டிக்கொண்டது. அம்மன் கோயில் எங்கே வருவது, சாராயக் கடை எங்கே வருவது, செவ்வாய் தோஷமுள்ள பெண்ணை அங்கேயே கொண்டுபோய்க் கட்டிக் கொடுத்தால் தோஷம் போகுமா, இன்னும் கூடுமா என்று மூலைக்கு மூலை சண்டை. சேரியை எங்கே வைப்பது என்பதில் மட்டும் சண்டையே வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். "வெளியே காற்றே கிடையாதே" என்றார் பிரகாசம் வாத்தியார். "பயகிப் பூடும்" என்றார்கள். துலுக்கானமும் அதற்குத் தலையாட்டினான். அவன் மட்டும் என்ன ஊருக்கு மேம்பட்டவனா?

வினை வாய்க்கால் ரூபத்தில் வந்தது. செவ்வாய் வாய்க்காலுக்கு நீலத் துணி விரித்தால் போதும் என்றார் வாத்தியார்.

"துரை பஞ்சாபிலே கால்வாய் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவர் எதிரே துணியைக் காட்டினால் என் உத்தியோகம் கிழிந்துபோகும். ஏரியைத் திறந்துவிடுங்கள். நிஜத் தண்ணீர் ஓடட்டும்."

திறந்துவிட்டால் பயிருக்கு மிஞ்சாது என்று துலுக்கானத்துக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு யோசனை தோன்றியது. "அப்டியே ஆவட்டும் எஜமான். நம்ப வாய்க்காலு ஏரிலேர்ந்து பயிருங்க வயியாத்தான் வளைஞ்சிகினு போவுது. அதுல உட்டா பயிரும் நனையும். மிச்சத்த நாடகத்துக்கு உட்டுக்கலாம்."

"வளைந்தா போகிறது?"

"ஆமா எஜமான். மேடு பள்ளம் பாத்து அந்தக் காலத்துல வெட்டுனது."

தாசில்தார் அவனைப் பார்த்த பார்வையில் இரக்கம்கூட இருந்தது. "செவ்வாயில் வாய்க்கால் வளையாதப்பா. இங்கிலீஷில் அச்சடித்து வந்திருக்கிறது. வளைந்த வாய்க்காலைக் கண்டால் துரை கைகொட்டிச் சிரிப்பார். மதகிலிருந்து மேடை வரைக்கும் நேராக ஒன்று வெட்டுங்கள்."

வெட்டினார்கள். யார் என்கிறீர்கள்? அந்த ஊர்க்காரர்களேதான். கர்ணம் கயிறு பிடித்தார். ஆளுக்கொரு மண்வெட்டி எடுத்துக்கொண்டு, பயிர் ஒன்றையும் தொடாமல், மேடை வழியாகக் கள்ளிக்காட்டில் போய் விழுகிற மாதிரி நூல் பிடித்து வெட்டினார்கள். பழைய வாய்க்காலின் வாயை மண் போட்டு அடைத்தார்கள். வேலை சுத்தம் என்று தங்களுக்குள் பாராட்டிக்கொள்ளவும் செய்தார்கள்.

துலுக்கானத்தின் முணுமுணுப்பு தாசில்தார் காதுக்கு எட்டியது. உடனே அவனுக்கு வேஷம் கொடுத்துவிட்டார், அதுவும் செவ்வாய் ராஜா வேஷம். கடைசி அங்கத்தில் பூமித் துரையின் காலில் விழுந்து, "இந்த வாய்க்கால்கள் இனி உம்முடையவை" என்று ஒப்படைத்துவிட வேண்டும். வேஷம் அவ்வளவுதான்.

"நான் ஆடமாட்டேன்" என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான் துலுக்கானம்.

"ஆடுய்யா" என்றாள் கன்னியம்மாள். "மனு குடுத்தா கர்ணம் மறிப்பான். அவன் உட்டா தாசில்தாரு மறிப்பாரு. ராசா வேசத்துல நின்னா எவன் மறிப்பான்? தொரை எதிர்லயே நிப்ப. அவுங்க எய்திக் குடுத்தத வுட்டுட்டு நம்ப கதைய சொல்லு. அப்பவே மதக மூடச் சொல்லிடுவாரு."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பதை மறந்துவிட்டாள், பாவம்.

ஜமாபந்தியன்று பொழுது சாய்கிற வேளையில் நாடகம் நடந்தது. துலுக்கானத்தின் உடம்பெல்லாம் செங்காவி. தலையில் காகிதம் ஒட்டிய பெரிய பானை. பார்க்க இரண்டு ஓட்டை. ஏரியில் மதகு காக்கிற வேம்புலி பலகையைத் தூக்கினான். தண்ணீர் சளசளவென்று வந்தது. ஒரு வளைவு இல்லை, ஒரு நெளிவு இல்லை. துரை நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

ராஜா வந்தான். வேஷத் துரையை விட்டுவிட்டு, எதிரே நின்ற நிஜத் துரையைப் பார்த்து மேடையிலேயே விழுந்தான்.

"தொரை! இது நாடகத் தண்ணி இல்ல, நெசத் தண்ணி. அந்தாண்ட என் பயிரு கதிரு வாங்கிகினு நிக்கிது தொரை. இதோ காட்டுல பூடுது பாரு. நிறுத்தச் சொல்லு தொரை. ஒன் கால கையா நெனச்சி கேக்கறேன், நிறுத்தச் சொல்லு."

சொல்லும்போதே அடிவயிற்றிலிருந்து பொங்கிவந்தது. ஓ என்று அழுதான். பானை குலுங்கியது.

துரைக்குத் தமிழில் வாங்க, போங்க, சீக்கிரம் மட்டும்தான் தெரியும். "என்ன சொல்கிறான்?" என்று தாசில்தாரைக் கேட்டார்.

"பூமியிலிருந்து வந்த தங்களைப் போன்றவர்களின் கருணையை நினைத்து உருகுகிறான், சார்."

துரை கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துரை துடைத்ததைப் பார்த்துக் கர்ணமும் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்து ஊரே துடைத்துக்கொண்டு கை தட்டியது. அவன் சொன்னது ஊருக்குத் தெரிந்த தமிழ்தான். அடுத்த நிலத்துக்காரன் தசரதனின் பயிரும் அதே தண்ணிக்குத்தான் வாயைத் திறந்துகொண்டிருந்தது. அவன்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினான்.

பானைக்குள்ளே இருந்த துலுக்கானத்துக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறந்ததிலிருந்து அவனுக்காக ஒருத்தரும் கை தட்டியதில்லை. அழுகை மெதுவாக நின்றது; கைதட்டல் நிற்கவில்லை. துரை மேடைக்கு வந்து அவன் செங்காவிக் கையைப் பிடித்துக் குலுக்கினார். மறுநாள் துரைசானி பட்டணத்திலிருந்து வருகிறாள், அவளும் பார்க்க வேண்டும், இதே மாதிரி, ஒரு குறைவும் இல்லாமல், என்றார்.

மறுநாள் காலையில் துலுக்கானம் தெருவில் இறங்கியதுதான் தாமதம், சூழ்ந்துகொண்டார்கள். "அண்ணாத்தே, நிறுத்தச் சொல்லு தொரைன்னு ஒரு இஸ்ப்பு இஸ்த்த பாரு, எனுக்கு மயிர் கூச்செறிஞ்சி பூட்ச்சி" என்றான் தசரதன். "இன்னிக்கி இன்னும் கொஞ்சம் நீட்டிக்கோ நைனா" என்றான் இன்னொருத்தன். பயிரைப் பார்க்கப் போக வேண்டும் என்று புறப்பட்ட துலுக்கானம், குளத்தங்கரையில் நின்று நீட்டிப் பார்த்தான். நன்றாகத்தான் வந்தது.

சாயங்காலம் வேம்புலி ஓடிவந்தான். கன்னியம்மாள் மதகுப் பலகையின் மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாளாம். பொம்பளையைத் தொட்டுத் தூக்க அவனுக்குப் பயம்.

துலுக்கானம் பானையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான். "இங்க இன்னா குந்திகினு கீற? எய்ந்திரு. தொரைசானி வண்டி வந்துட்ச்சி."

"இதான்யா கடைசித் தண்ணி. தெரியுமில்ல?"

"தெரியும். அத சொல்றதுக்குத்தான நானே போறேன்."

"மதக மூடுன்னு சொல்றதுக்கு மதக தெறக்கணுமா? நல்லா கீது ஒன் நாயம்."

"தண்ணி ஓடாங்காட்டி, நிறுத்து நிறுத்துன்னு நான் எப்டி அய்வேன்? கேனக் கூதின்னு ஜனம் சிரிக்காது?"

துலுக்கானம் அவளை ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு, வேம்புலிக்கு வேலை வைக்காமல், பலகையைத் தானே தூக்கினான்.

அன்றைக்கு அழுகை முந்தின நாளைவிட எடுப்பு. துரைசானி போட்டோப் பிடித்தாள்.

பயிர் என்னவாயிற்று என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஊர்ப் பயிர் மொத்தமும் சாவி. அறுக்கிற கூலிக்குக்கூட ஆகாது என்று நிறையப் பேர் அறுக்கவே இல்லை. பயிர் பொய்த்தால் தீர்வையைத் தள்ளிக் கொடுக்கிற வழக்கம் சர்க்காரில் உண்டு. எல்லாருமாகச் சேர்ந்து கேட்டார்கள். ஆடி கடைசியில் கலெக்டர் கச்சேரியிலிருந்து பதில் வந்தது. கர்ணம் சாவடியில் நின்று கணீரென்று வாசித்தார்:

"மேற்படி கிராமத்தில் ஏரித் தண்ணீர் போதாமல் பயிர் பொய்த்ததாகக் குடிகள் சொல்வது நம்பத்தக்கதல்ல. ஜமாபந்தி சமயத்தில் இரண்டு தினங்கள் வாய்க்கால் கரை புரண்டு ஓடியதை நாமே நேரில் பார்வையிட்டிருக்கிறோம். ஆகையால் தீர்வை பூராவும் வசூலிக்க உத்தரவாகிறது. சோம்பேறித்தனம் கண்டிக்கப்படுகிறது. சிக்கனமாகவும் நேராகவும் வாய்க்கால் அமைத்த தாசில்தாரை டிப்டி கலெக்டராக உயர்த்தியிருக்கிறோம்."

துலுக்கானம் தூணைப் பிடித்துக்கொண்டு மெள்ள உட்கார்ந்தான். இனி மாட்டை விற்க வேண்டும்; மாடு போனால் நிலம் தரிசு; நிலம் தரிசானால் அவனும் கன்னியம்மாளும் பாடிப் பக்கம் போய்க் கல் உடைக்க வேண்டும். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணெதிரே வந்தது. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான். சத்தம் பெரிதாக வரவில்லை. தோள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

ஜனங்கள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தசரதன் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து அவன் பக்கத்தில் குந்தினான். "கோச்சிக்காத அண்ணாத்தே, உள்ளத சொல்றேன்" என்றான். "தொரைசானி எதிர்ல அய்தியே, அதுல பாதி கூட இல்ல இது."

இருந்தவர்கள் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு, மாடு விற்கிற தரகனைத் தேடிக்கொண்டு போனார்கள்.