மென்மையான கொடி என்று நீங்கள் எழுதியது குறித்து

மதிப்பிற்குரிய தோட்டப் பகுதி ஆசிரியர் அவர்களுக்கு,

இஸ்தரவ்ஷன் நகரிலிருந்து எட்டாம் வகுப்பு மாணவி சைரோன் சலாம் கூறி எழுதுவது. நீங்களும் உங்கள் செடிகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் செடி மிகவும் நலம். அதுதான் பிரச்சினை.

சென்ற ஆண்டு எங்கள் பின்சுவரை மூடிக் கிடந்த பூங்கொடி ஒன்றின் கிளையைக் காயவைத்து, பெயர் கேட்டு உங்களுக்கு அனுப்பினேன். வெள்ளை நுரை பொங்குவதுபோல் பூக்கும் என்றும் எழுதியிருந்தேன். அருகிவரும் மென்மையான கொடி, சாண் அளவுக்கு வெட்டி ஈரமண்ணில் நட்டுக் காப்பாற்று மகளே என்று பத்திரிகையில் பதில் போட்டீர்கள். ‘மகளே’ என்றதில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றே வெட்டினேன். நல்ல துண்டுகளை வாய்க்கால் கரையில் நட்டேன். மிச்சத்தை, எங்கள் தெருவில் எல்லோரும் எல்லாவற்றையும் போடுவதுபோல, வாய்க்காலிலேயே போட்டேன். அந்த வாய்க்கால் ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் புகுந்து கடைசியில் குர்பொனலி மாமா வீட்டில் முடிகிறது என்பதை நான் யோசிக்கவில்லை, நீங்களும் எச்சரிக்கவில்லை. நட்டவை பிடித்தன, போட்டவை அதைவிட நன்றாகப் பிடித்தன. இந்தக் கோடையில் கொடி பக்கத்து வீட்டு சலோமத் அத்தையின் ரொட்டி அடுப்பை மூடி, கழிப்பறைக் கதவையும் மூடி (தான் உள்ளே இருந்தபோது மூடியதாக அத்தை சொல்லிக்கொண்டு திரிகிறார், அது பொய்), குர்பொனலி மாமாவின் திராட்சைப் பந்தலில் ஏறிப் பூத்துக் குலுங்கியது. திராட்சை ஒரு குலைகூடப் பழுக்கவில்லை.

அவருடைய மகன் சியோவுஷுக்குத்தான் என் அக்கா மொஹிராவைப் பேசி முடித்து, வசந்தத்தில் இரு வீட்டாரும் சேர்ந்து நிச்சயத்துக்கு அடையாளமாக ரொட்டி பிட்டிருந்தோம். மாமா கை நிறையக் கொடியோடு வாசலில் வந்து நின்றார்.

“வாங்க சம்பந்தி, டீ ஊத்துறேன்,” என்றார் அம்மா.

“டீயெல்லாம் வேணாம். வெட்ட வெட்ட வருதே, இது கொடியா, கடன்காரனா?”

“சின்னப் பொண்ணு, பத்திரிகையப் பாத்துச் செஞ்சுட்டா...”

“சின்னவ ஒரு துண்ட விட்டதுக்கே என் பந்தல் போச்சு. பெரியவளையும் உள்ள விட்டா வீடே போயிடும்!”

சம்பந்தம் அத்தோடு முறிந்தது. மாப்பிள்ளை பின்னால் நின்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அக்கா என்னோடு பேசுவதில்லை, தலையும் பின்னிவிடுவதில்லை.

பள்ளி நூலகத்தின் தடித்த புத்தகத்தில் தேடினேன். அது அருகிவரும் கொடியே அல்ல; நம் மலைச்சரிவுகளில் தானாக மண்டுவது, ஒரே கோடையில் கூரையை மூடிவிடும் என்று படத்தோடு போட்டிருக்கிறது. நீங்களும் திறந்து பார்த்திருக்கலாம்.

அச்சில் வந்ததைத் தவிர எதையும் நம்பாதவர் குர்பொனலி மாமா. ஆகவே தவறு உங்களுடையது என்று அடுத்த இதழில் போடுங்கள். கொட்டை எழுத்தில் போடுங்கள். அவர் கண்ணாடி அணிய மாட்டார். அக்காவின் கல்யாணம் அதில்தான் இருக்கிறது.

உங்கள் கை பட்டதெல்லாம் தழைக்கட்டும். அளவாகத் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
சைரோன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அக்கா பிடுங்கிப் படித்துவிட்டாள். “திருத்தமெல்லாம் போடச் சொல்லாதடி. அவங்கப்பா என்னக் கொடியோட சேத்துப் பேசினப்போ அந்த ஆளு வாயத் தொறந்தானா?” என்றாள். இத்தனை வாரத்தில் அவள் என்னோடு பேசியது இதுதான். எனவே திருத்தம் வேண்டாம். எந்த மாதத்தில் வெட்டி வாய்க்காலில் போட்டால் இன்னும் வேகமாகப் பிடிக்கும் என்று மட்டும் எழுதுங்கள். கேட்பது அக்கா.